பீப்பாய்களையும் எழுதிவைத்தவருக்கு

வால்டர் பவர் சாமிக்கு,

எங்கள் ஊர்ப் பக்கம் குருக்களை ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவோம். நீங்கள் இன்ச்கோம் தீவின் அகுஸ்தீனார் மடத்துக்குத் தலைவராக இருந்தவர். உங்களுக்குரிய பட்டம் வேறாக இருக்கும். அதை இலத்தீனில் எழுத எனக்குத் தெரியாது. சாமி என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண்மூடியது 1449-இல். இந்த மடல் உங்கள் கைக்கு வராது. அதனால்தான் திறந்த மடலாக எழுதுகிறேன். போகிற வழியில் நாலு பேர் படித்தால் எனக்குப் போதும்.

நான் எடின்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்கிறவள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதிவேட்டில் எழுத வேண்டும். ‘2.10: தண்ணீர் கேட்டார். அரை டம்ளர் குடித்தார். 4.15: விழித்திருந்தார். வெளியே மழையா என்று கேட்டார்.’ முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “மழையெல்லாம் எதுக்கு? தேவையானதை மட்டும் எழுதுங்க” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவருக்கு மழை எதற்கு? அன்றிலிருந்து மழையை விட்டுவிட்டேன். அதை மறுபடியும் எழுதவைத்தவர் நீங்கள். இந்த மடல் அதற்கு நன்றி சொல்லத்தான்.

சென்ற ஜூன் மாதம் விடுப்பில் இருந்த ஒரு நாள், சவுத் குவீன்ஸ்ஃபெரியில் படகு ஏறினேன். 1890-இல் திறந்த அந்தச் சிவப்பு ரயில் பாலத்துக்கு அடியில்தான் படகுத்துறை. உங்கள் காலத்தில் பாலம் இல்லை. நீங்கள் பார்த்ததெல்லாம் இந்த ஃபோர்த் கழிமுகத்தின் தண்ணீரும் காற்றும் எதிர்க்கரையும்தான். மிதவைகளின் மேல் கடல்நாய்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பாலத்தைத் தாண்டிக் கிழக்கே போகப் போக, இரண்டு மேடுகளும் நடுவில் ஒடுங்கிய இடுப்புமாகத் தீவு தெரிந்தது. அந்த இடுப்பில்தான் உங்கள் மடம்.

கடற்காகங்கள் குஞ்சு பொரித்திருக்கும் காலம் அது, தலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டு நடங்கள் என்று படகிலேயே சொன்னார்கள். நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கையில் சப்பாத்திச் சுருள் இருந்ததை மறந்துபோனேன். ஒரே பாய்ச்சல். மதியச் சாப்பாடு போனது. ஆங்கிலேயக் கப்பல்கள் உங்கள் மடத்தைச் சூறையாடியதைப் பற்றி நீங்கள் வருந்தி எழுதியதை அதற்குப் பிறகுதான் படித்தேன். அந்த வருத்தத்தில் கொஞ்சம் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்கிறேன்.

கரையிலிருந்து மேற்கே நடந்தால் கல்கூரை போட்ட சிறு குடில் ஒன்று இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். தவசியின் குடில் என்கிறார்கள். உங்கள் மடத்தின் கதை ஒரு தவசியிடமிருந்துதானே தொடங்குகிறது. 1123-இல் முதலாம் அலெக்சாண்டர் அரசர் குவீன்ஸ்ஃபெரியில் கடலைக் கடக்கும்போது புயலில் சிக்கி இந்தத் தீவில் ஒதுங்கினார். புனித கொலும்பாவை வணங்கிக்கொண்டு இங்கே தனியாக வாழ்ந்த ஒருவர், அரசரையும் கூட வந்தவர்களையும் மூன்று நாள் காப்பாற்றினார். உயிர் பிழைத்தால் இங்கே ஒரு மடம் கட்டுவதாக அரசர் நேர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட, தம்பி முதலாம் டேவிட் அந்த நேர்த்தியை நிறைவேற்றினார். இப்படி எழுதியது நீங்கள்.

அரசரின் நேர்த்திக்கடனை எந்த வரலாற்றாசிரியரும் எழுதியிருப்பார். அந்தத் தவசியிடம் இருந்தது ஒரே ஒரு பசு, அதன் பாலும், கரையில் பொறுக்கிய சிப்பியும், சின்ன மீனும்தான் அவருடைய சாப்பாடு என்பதையும் எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, சாமி, அதற்குத்தான் முதல் நன்றி. அந்த மனிதரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர் வீட்டு அடுப்படி தெரிகிறது. அரசருக்கும் பரிவாரத்துக்கும் மூன்று நாள் அந்த ஒரு பசு எப்படிப் போதியிருக்கும் என்று குடிலுக்குள் குந்தியபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். போதவே போதாது. ஆனாலும் அவர் கொடுத்திருக்கிறார்.

உங்கள் சபையைப் பற்றி இங்கே படிக்கிறவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளி உலகை விட்டு முழுக்க ஒதுங்கிய துறவிகள் அல்லர், குருக்கள். சொத்தைப் பொதுவில் வைத்து, ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, வேளைக்கு வேளை கூடிச் செபித்தவர்கள். இன்றைய அல்ஜீரியாவில் இருந்த ஹிப்போ நகரின் ஆயர் புனித அகுஸ்தீனார், கூடி வாழ்கிறவர்களுக்கென்று வகுத்த ஒழுங்குதான் உங்களுக்குச் சட்டம். கறுப்பு மேலங்கி போட்டதால் கறுப்புக் குருக்கள் என்று ஊரார் அழைத்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எண்ணிக்கையில் அதிக மடங்கள் இருந்தது உங்கள் சபைக்குத்தான்.

அவற்றில் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். எட்டாம் ஹென்றி 1536-க்கும் 1540-க்கும் இடையில் மடங்களை ஒவ்வொன்றாக மூடினார்; கடைசியாக, 1540 மார்ச்சில் மூடப்பட்ட வால்தம் மடமும் உங்கள் சபையுடையதுதான். மூடியதும் முதலில் போனது கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகடு. ஈயத்துக்கு நல்ல விலை. கூரை போனால் மழை உள்ளே. மழை வந்தால் உத்தரம் இற்றுப்போகும். பிறகு அக்கம்பக்கத்தார் வண்டி கட்டிக்கொண்டு வந்து கல்லை எடுத்துப்போவார்கள். கிஸ்பரோவில் கிழக்குச் சுவர் மட்டும் ஆளற்ற புல்வெளியில் பெரிய சன்னல் ஓட்டையோடு நிற்கிறது. யார்க்‌ஷயரின் போல்ட்டனில் பாதிக் கோவில் இன்றும் ஊர்க் கோவில். மீதிப் பாதிக்கு வானம்தான் கூரை. வேல்ஸ் மலைகளுக்கு நடுவே லான்தோனியில் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன, தாங்குவதற்கு எதுவுமில்லாமல்.

ஸ்காட்லாந்தில் கதை வேறு. இங்கே 1560-இல் சமயச் சீர்திருத்தம் வந்தபோது, இங்கிலாந்தைப் போல ஒரேயடியாக மடங்களை இழுத்து மூடவில்லை. இருந்த குருக்கள் இருந்தபடியே முதுமையடைந்து, ஒவ்வொருவராகக் குறைந்து, மடங்கள் தாமாக அணைந்தன. உங்கள் மடத்தைச் சுற்றிக் கடல் வேறு. கல்லைத் திருட வேண்டுமென்றால் படகு வேண்டும். கோவிலின் பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் நீங்கள் குடியிருந்த கட்டடங்கள் கல்கூரையோடு அப்படியே நிற்கின்றன. ஸ்காட்லாந்திலேயே இவ்வளவு முழுமையாக எஞ்சிய மடம் வேறில்லை என்கிறார்கள். ஆங்கிலேயக் கொள்ளையரைக் கொண்டுவந்து சேர்த்த அதே கடல்தான் பிற்காலத்தில் கல் திருடர்களைத் தள்ளி வைத்தது.

முற்றத்தைச் சுற்றி நடந்தேன். மற்ற மடங்களில் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் கட்டடத்துக்கு வெளியே இறக்கியிருக்கும். உங்கள் மடத்தில் கட்டடத்தின் கீழ்த்தளமே தாழ்வாரம். படுக்கைக் கூடம், உணவுக் கூடம், விருந்தினர் கூடம் எல்லாம் மாடியில். தீவில் இடம் குறைவு என்பதாலா, இந்தக் காற்றுக்குத் தனித் தாழ்வாரம் தாங்காது என்பதாலா என்று யோசித்தேன். கல்வளைவுக்குக் கீழே நடக்கும்போது கடல் சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறது. சன்னலோரத்தில் கல் இருக்கை இருந்தது. உட்கார்ந்தேன். குளிர்ந்தது. அறுநூறு ஆண்டுக்கு முன்பு கறுப்பு அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏதோ ஒரு குரு இதே இருக்கையில் வெளிச்சத்துக்காக நெருங்கி உட்கார்ந்து படித்திருப்பார். அவருக்கும் குளிர்ந்திருக்கும்.

அங்கிருந்து எண்கோண அறைக்குள் போனேன். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கட்டடம். மேலே கல்விதானம் குடைக் கம்பிகள் போல நடுவில் வந்து கூடுகிறது. தினமும் இங்கே எல்லாரும் சுவரோரக் கல்பெஞ்சில் வட்டமாக உட்கார்ந்து, சபை ஒழுங்கின் ஓர் அத்தியாயத்தைக் கேட்பார்கள். பிறகு அன்றைய வேலைகள், தவறுகள், கண்டிப்புகள். எங்கள் இல்லத்தில் காலை ஏழரைக்கு ஷிஃப்டு மாறும்போது நடக்கும் கூட்டம் போலத்தான். யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு மெல்லப் பாடிப் பார்த்தேன். என் குரல் எனக்கே சுத்தமாகத் திரும்பி வந்தது. அந்த அறை யாருடைய குரலையும் ஒரு சுற்று உயர்த்தித்தான் தருகிறது.

உங்கள் ஆட்களின் பாட்டும் பிழைத்திருக்கிறது, சாமி. 1340 வாக்கில் எழுதிய பதினான்கு தோல் ஏடுகள் எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. புனித கொலும்பாவுக்கான பாடல்கள் அவற்றில் உண்டு. ஆங்கிலேயர் தாக்காமல் எங்கள் பாடகர் குழுவைக் காப்பாற்றும் என்று ஒரு பாடல் அவரிடம் நேராகவே கேட்கிறது. இந்தக் கோரிக்கையை மற்ற மடத்தார் இப்படிப் பச்சையாகப் பாடியிருப்பார்களா என்று தெரியவில்லை. உங்கள் மடத்தாருக்குக் காரணம் இருந்தது. 1335-இல் ஆங்கிலேய மாலுமிகள் கொலும்பாவின் சொரூபத்தையே தூக்கிக்கொண்டு போனார்கள். புயலில் கப்பல் உடையப் பார்க்கவும், பயந்துபோய்த் திருப்பி அனுப்பினார்கள். 1384-இல் கோவிலுக்குத் தீ வைக்க வந்தார்கள். காற்றுத் திசை மாறியது. இதையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள், கொலும்பா கணக்கில் வரவு வைத்து.

பாழடைந்த கோவிலின் தென்புறச் சுவரில், கல்லறைக்கான மாடத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. யாரோ பிற்காலத்தில் மாடத்தைக் கல்லால் அடைத்திருந்தார்கள். 1920-களில் அடைப்பை எடுத்தபோது ஓவியம் வெளிப்பட்டது. குருக்கள் ஊர்வலமாகப் போகிறார்கள். அங்கியின் மடிப்பு தெரிகிறது, பாதம் தெரிகிறது. தலைகள் இல்லை, மேல்பாதிச் சுவரோடு போய்விட்டன. நிறைய நேரம் அதன் முன்னால் நின்றேன். பாழடைந்த மடங்கள் எல்லாமே இப்படித்தான். உடுப்பு தெரியும், நடந்த தடம் தெரியும், முகம் தெரியாது.

அந்த முகங்களைத்தான் நீங்கள் எழுதி வைத்தீர்கள். ஹேடிங்டனில் 1385-இல் பிறந்து, முப்பத்து சொச்சம் வயதில் இந்தத் தீவுக்குத் தலைவராக வந்தீர்கள். ஐம்பத்தைந்தில், ரோசைத் கோட்டையின் டேவிட் ஸ்டீவர்ட் கேட்டுக்கொண்டதற்காக நாட்டின் வரலாற்றை எழுத உட்கார்ந்தீர்கள். ஜான் ஃபோர்டன் விட்டுப்போன வரலாற்றை எடுத்து, இடையிடையே சேர்த்து, அவர் நிறுத்திய இடத்திலிருந்து உங்கள் காலம் வரை இழுத்து, பதினாறு பாகமாக ‘ஸ்காட்டிக்ரானிகான்’ உருவானது. நீளம் நீளம் என்று படித்தவர்கள் குறைப்பட்டதால் நீங்களே உட்கார்ந்து ஒரு சுருக்கமும் தயாரித்தீர்களாம். “தேவையானதை மட்டும் எழுதுங்க” என்று உங்களிடமும் சொல்லியிருக்கிறார்கள்! இதைப் படித்த இரவில் சிரித்த சிரிப்பில், பக்கத்து அறைப் பாட்டி விழித்துக்கொண்டார்.

உங்களிடம் எனக்குச் சண்டையும் உண்டு. ஸ்காட்லாந்து மக்கள் எகிப்து மன்னர் மகள் ஸ்கோட்டாவின் வழிவந்தவர்கள் என்பதை நம்பி எழுதினீர்கள். ஆங்கிலேயர் என்றாலே உங்கள் பேனா கொதிக்கிறது. அவர்களில் ஒரு நல்லவரைத் தேடிப் பிடிக்கப் பாடுபட வேண்டியிருக்கிறது. அதற்குக் காலம் கொடுத்த தண்டனையைச் சொல்லவா? நீங்கள் கைவைத்துத் திருத்திய மூலப்படி இன்று இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் இருக்கிறது. நூற்றாண்டுகளாக அதைப் பத்திரமாக வைத்திருப்பது அவர்கள்தான். அதை முழுவதும் ஆங்கிலத்தில் கொண்டுவர டொனால்ட் வாட் என்ற பேராசிரியரின் குழுவுக்கு 1987 முதல் 1998 வரை ஒன்பது தொகுதிகள் தேவைப்பட்டன. இலத்தீன் தெரியாத நான் உங்களைப் படித்தது அந்த மொழிபெயர்ப்பில்தான். அவர்களுக்கும் என் நன்றி.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஆங்கிலேயருக்குப் பயந்து கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கரைக்குப் போய்த் தங்கிவிட்டு, 1421 நவம்பரில் மடத்தார் தீவுக்குத் திரும்பினார்கள். உக்கிராணம் காலி. எதிர்க்கரையிலிருந்து சாமான்களும் பீர்ப் பீப்பாய்களும் எடுத்துவரப் படகு போனது. திரும்பும் வழியில் படகு கவிழ்ந்தது. சிலர் மூழ்கிப்போனார்கள், சிலர் பிழைத்தார்கள். நாட்டின் வரலாற்றில் இதற்கு என்ன இடம்? போர் இல்லை, அரசர் இல்லை, உடன்படிக்கை இல்லை. சாமான் வாங்கப் போன ஒரு படகு. அரசர்களின் முடிசூட்டுக்கும் கொலைக்கும் நடுவே அந்தப் படகையும், அதில் போனவர்களையும், பீப்பாய்களையும் எழுதினீர்கள். நீங்கள் அப்போது மடத் தலைவர். அந்தப் படகு திரும்புவதைப் பார்த்துக்கொண்டு கரையில் யார் நின்றார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இருபது ஆண்டு கழித்து அந்த வரிகளை எழுதும்போது உங்கள் கை எழுத மறுத்திருக்கும். ஆனாலும் பீப்பாயை விடவில்லை.

பீப்பாயை விட்டிருந்தால் அது ‘படகு விபத்தில் சிலர் இறந்தனர்’ என்றாகியிருக்கும். அப்படி இறந்தவர்கள் எந்த நூற்றாண்டிலும் இருக்கிறார்கள். பீப்பாய் இருப்பதால்தான், பசித்த ஒரு மடமும், நவம்பர்க் குளிரும், ‘இருட்டுமுன் வந்துவிடுங்கள்’ என்று யாரோ கத்தியிருக்கக்கூடிய ஒரு குரலும் நமக்குக் கேட்கின்றன. தீவின் கற்களைக் காப்பாற்றியது கடலும் பிறகு பாதுகாத்தவர்களும். 1924-இல் மோரே பிரபு குடும்பம் மடத்தை அரசின் பொறுப்பில் விட்டது. அதன் பிறகு ஒழுகிய இடத்தை அடைத்தும் பெயர்ந்த கல்லைப் பொருத்தியும் வந்த கைகள் எத்தனையோ. அவர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஆனால் அந்தச் சுவர்களுக்குள் ஆள் இருப்பதாகத் தோன்றுவது உங்களால்தான்.

உங்களைப் படித்த பிறகு ஓர் இரவு பணியில் இருந்தேன். அதிகாலை நாலு மணி இருக்கும், தொண்ணூற்று மூன்று வயது ஐயா ஒருவர் கண்ணைத் திறந்து, “மழையா?” என்றார். இல்லை, காற்று என்றேன். “அப்ப படகு போகாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். பதிவேட்டைத் திறந்தேன். ‘4.05: விழித்தார். காற்றைப் பற்றிக் கேட்டார். படகு போகாது என்றார்.’ அடுத்த வாரம் அவருடைய மகள் அதைப் படித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா சின்ன வயதில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தீவுக்கு மறுபடியும் வருகிறேன். உங்கள் மடத்து வாசலின் மேல் இலத்தீனில் ஒரு வேண்டுதல் செதுக்கியிருக்கிறார்கள்: எறும்பு ஒன்று கடலைக் குடித்து வற்றவைக்கும் வரையிலும், ஆமை உலகத்தை ஒரு சுற்று நடந்து முடிக்கும் வரையிலும் இந்த வீடு நிற்கட்டும் என்ற பொருளில். முதலில் அது சற்றுப் பேராசையாகத் தோன்றியது. வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. எறும்புக்கு இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது.

தீவில் எங்களுக்குத் தந்த ஒன்றரை மணி நேரம் முடிந்து படகு சங்கு ஊதியது. தலைக்கு மேலே வெறுங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். படகுக்காரர் ஏணியருகில் நின்று, ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகச் சொடுக்கும் சிறு எண்ணியில் எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி ஆள் ஏறியதும் எண்ணைப் பார்த்தார். காலையில் இறக்கிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டார். கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

எல்லாரும் வந்து சேர்ந்தோம், சாமி. உங்கள் புத்தகத்தில் இடம் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.


அந்தப் படகில் திரும்பியவர்களில் ஒருத்தி
எடின்பரோ